இரண்டாவது கன்வர்ட்டர் எதற்கு?

சில கார்களில் இருக்கும் இரண்டாவது கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், முதலாவது செத்துப்போனால் வேலைக்கு வரும் ஸ்டெப்னி என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. இது தவறு. இதைத் திருத்தாமல் கதையைத் தொடங்குவது வாசகருக்குச் செய்யும் துரோகம். ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கன்வர்ட்டர் என்பது புகையின் நஞ்சைக் குறைக்கும் டப்பா. பெரிய என்ஜின்கள் சிலவற்றில் சிலிண்டர்கள் இரண்டு வரிசையாகப் பிரிந்து நிற்கும். வரிசைக்கு ஒரு குழாய், குழாய்க்கு ஒரு டப்பா. வேறு சில கார்களில், சூடேறினால்தான் டப்பா வேலை செய்யும் என்பதால், சீக்கிரம் சூடாகட்டும் என்று என்ஜினை ஒட்டி ஒன்றும், மிச்சத்தைக் கவனிக்கத் தள்ளி இன்னொன்றும் வைப்பார்கள். எதுவும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை.

ஸ்டெப்னி நம்பிக்கையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் இந்தக் கதையின் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டியவர். மனைவியின் தம்பி நடத்தும் ஒர்க்‌ஷாப்பில் வேலை.

அவருடைய நிரந்தர மாணவர் ஒரு பெரியவர். பில் போடும் பெண் அவருக்குச் ‘சனிக்கிழமை’ என்றே பெயர் வைத்திருந்தாள். அன்றைக்குத்தான் தன் பழைய பெரிய காரில், என்ஜின் லைட் எரிகிறது என்று சொல்லிக்கொண்டு வருவார்.

மெக்கானிக் பானட்டைத் திறப்பார். கன்வர்ட்டரைக் கண்காணிக்கும் சென்சாரின் ஒயரை இணைக்கும் கப்ளர் கழன்று தொங்கும். மாட்டி, லைட்டை அணைப்பார். பெரியவர் கிளம்ப மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, இந்த வண்டிக்கு ஏன் இரண்டு கன்வர்ட்டர் என்று கேட்பார். போன வாரமும் கேட்டதுதான். மெக்கானிக் சலிக்காமல் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டெப்னி புராணத்தை முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

மைத்துனருக்குப் பொறுக்கவில்லை. ஒரே வண்டி ஒரே கோளாறோடு வாராவாரம் வாசலில் நின்றால் மற்ற வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்கள்?

"மாமா, ஒரு கப்ளரை ஒழுங்கா மாட்டத் தெரியாதா? அக்கா முகத்துக்காகத்தான் வாயை மூடிட்டு இருக்கேன். அடுத்த வாரமும் இது இதே கம்ப்ளைன்டோட வந்தா, நீங்க வாட்டர் வாஷுக்குப் போயிடுங்க."

கார் கழுவுகிறவர்கள் எல்லாம் மெக்கானிக்கின் மகன் வயதுக்காரர்கள். அன்று அவர் கப்ளரை மாட்டி, அதன்மேல் நைலான் டை போட்டு இறுக்கிக் கட்டினார். இனி அது கழல வேண்டுமென்றால் என்ஜினே கழல வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை பெரியவர் வந்தார். லைட் எரிந்தது.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். நைலான் டை நறுக்கென்று வெட்டுப்பட்டுக் கிடந்தது. எடுத்துப் பார்த்தார். திரும்பிப் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் அவசரமாகச் சுவரில் இருந்த டயர் விளம்பரத்தைப் படிக்கத் தொடங்கினார்.

மைத்துனர் வந்து நின்றார். "அதே கோளாறுதானா?"

டையைக் காட்டினால் போதும். மெக்கானிக் அதை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"ஆமா மாப்ள. நான்தான் சரியாக் கட்டல."

"அப்ப கிளம்புங்க. ஹோஸ் பைப் அங்க இருக்கு."

மெக்கானிக் நடந்தார். பெரியவர் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"தம்பி, அவர் மேல தப்பில்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்தான் கழட்டி விடுவேன். இந்த வாட்டி கத்தரிக்கோல் தேவைப்பட்டுச்சு."

ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. மைத்துனர் மட்டும் சிரிக்கவில்லை. வேலை நேரத்தின் அருமை பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, இனி நிஜமாகவே கெட்டுப்போனால் மட்டும் வண்டியைக் கொண்டுவரும்படி மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். பெரியவர் சரி என்றார்.

கப்ளரை மாட்டிவிட்டு, மெக்கானிக் கார் கதவருகே வந்தார்.

"ரெண்டு கன்வர்ட்டர் எதுக்குன்னு உங்களுக்கு நெசமாவே தெரியாதா சார்?"

"ரிட்டயர் ஆகுற வரைக்கும் காலேஜ்ல அதைத்தான்பா நடத்தினேன்."

"அப்ப நான் சொன்னது?"

"சுத்தமா தப்பு."

"ஒரு நாள்கூடச் சொல்லலையே சார்."

"சொல்லியிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்க." பெரியவர் சாவியைத் திருகினார். "அவ போனப்புறம் வீட்டுல டிவி ஒண்ணுதான் பேசுது. அது என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேங்குது."

லைட் எரியாத காரில் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. பில் போடும் பெண்கூட ஒருமுறை வாசலை எட்டிப் பார்த்தாள்.

மறுநாள், ஒர்க்‌ஷாப்புக்கு விடுமுறை. பெரியவர் வீட்டில் அழைப்புமணி அடித்தது. வெளியே மெக்கானிக், தன் பைக்கைப் பிடித்தபடி வேர்க்க விறுவிறுக்க நின்றார்.

"இந்தப் பக்கமா வந்தேன் சார். பொசுக்குன்னு நின்னுடுச்சு. எவ்வளவு உதைச்சும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. ஏன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைக்கின் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ஜினைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, பெட்ரோல் பூமிக்கு அடியில் எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து ஆரம்பித்தார்.

பைக்கின் ஸ்பார்க் பிளக் மெக்கானிக்கின் சட்டைப்பையில் இருந்தது.