சரண்

பங்காளியை வெட்டி ஆயுள் தண்டனை பெற்ற பாக்கியநாதன், பரோலில் வந்தவர் சிறைக்குத் திரும்பவே இல்லை. ஒன்பது வருடத் தலைமறைவில் ஞானஸ்நானம் பெற்றார், செல்வக்கனியை மணந்தார், ஒரு மகளுக்குத் தகப்பனானார். ஆண்டவர் தன்னை மன்னித்துவிட்டார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒளிந்து வாழ்வதுதான் உறுத்தியது. ஒருநாள் காலையில் சரணடையப்போவதாக மனைவியிடம் சொன்னார்.

“எல்லாத்தையும் ஆண்டவர் மன்னிச்சிட்டாருன்னு நீங்கதான சொன்னீங்க?”

“மன்னிச்சதுனாலதான் போறேன், கனி. தண்டனை குடுத்த சர்க்காருக்குப் பயந்து ஒளிஞ்சிக்கிட்டு, அவருகிட்ட எப்படி ஜெபம் பண்ணுவேன்?”

“அப்ப ஜெயில்லயும் அவரே வந்து பாத்துக்கிடட்டும். நானும் பிள்ளையும் வரமாட்டோம்.”

அவர் போய்விட்டார். பேருந்தில் போகும்போதே மனதில் சமாதானம் இறங்கும் என்று நம்பியிருந்தார். சிறை வாசலில் இறங்கியபோதும் அது வரவில்லை.

உள்ளே வார்டர் பதிவேட்டைத் திறந்து, “உன்னைப் பாக்க வர்றவங்க பேரைச் சொல்லுய்யா” என்றார்.

பாக்கியநாதன் இரண்டு பெயர்களைச் சொன்னார். வார்டர் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றவர், இரண்டையும் அடித்துவிடச் சொன்னார்.