ஏழாம் கதவுக்கு இரண்டு ரிப்பன்

வாளி எங்களை முந்திக்கொண்டு போனது.

இறக்கமான சாலை. அத்தான் பிரேக்கை மிதித்தார். வேன் நின்றது, வாளி நிற்கவில்லை. வளைவு வரை உருண்டுபோய், ஒரு மைல்கல்லில் முட்டி, சாய்ந்து படுத்துக்கொண்டது.

அதன் பின்னால் மடக்கு நாற்காலி ஒன்று சறுக்கிக்கொண்டு வந்தது. அதன் பின்னால் அக்காவின் செருப்பு, ஒரு கால் மட்டும்.

மூவரும் முன் இருக்கையில் வரிசையாக உட்கார்ந்து, எங்கள் சாமான்கள் எங்களை விட்டுவிட்டுச் சுற்றுலா போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நேற்றும் இப்படித்தான். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் இந்த வாடகை வேனுக்கு வெளிப்புறம் பதினோரு சாமான் பெட்டிகள். ஓடும்போது ஒன்று திறந்துகொண்டு அத்தானின் தலையணை சாலையில் விழுந்தது. எடுக்க இறங்குவதற்குள் ஒரு லாரி அதைப் பஞ்சாக்கிவிட்டுப் போனது.

அத்தானுக்கு அந்தத் தலையணை இல்லாமல் தூக்கம் வராது.

"இன்னும் ஒரே ஒரு பொருள் விழட்டும். வண்டிய அப்படியே வீட்டுக்குத் திருப்பிடுவேன்," என்று நேற்றே சொல்லிவிட்டார்.

கடலுக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர். எனக்கு இருபத்திரண்டு வயது. நான் கடலைப் பார்த்ததே இல்லை.

அதனால்தான் கதவு மூடும் பொறுப்பை நேற்றிரவு அக்காவிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டைப் பூட்டினால் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள் நான். இழுத்ததில் கழன்றிருக்குமோ என்று மறுபடியும் வருவேன்.

மாலை வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டேன். இடப்பக்கம் ஆறு, பின்னால் ஒன்று, வலப்பக்கம் நான்கு. பின்னால் இருக்கும் ஏழாவதுதான் வில்லன். முழங்காலால் இடித்தால்தான் மூடும். மூடினாலும் யோசித்துவிட்டுத் திறந்துகொள்ளும்.

இன்று விடிவதற்கு முன்னால், இரவு வேனை நிறுத்தியிருந்த மைதானத்தின் குழாயடியில் பல் தேய்த்துவிட்டு வந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஆரம்பித்தேன். தாழ்ப்பாளைத் திருப்பு. இழுத்துப் பார். சிவப்பு ரிப்பன் கட்டு. நோட்டில் டிக் போடு.

வேனுக்குள் ஒரே குறட்டை. தான் குறட்டை விடுவதை அக்கா ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

ஏழாவது கதவு விரல் பட்டதுமே மூடிக்கொண்டது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று அதற்கு மட்டும் இரண்டு ரிப்பன் கட்டினேன்.

கையில் ஒட்டிய கிரீஸைக் குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது மைதான வாசலிலிருந்து அத்தானின் ஹாரன் கேட்டது. ஓடிப்போய் ஏறினேன். திரும்பிப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று, பிறந்ததிலிருந்து முதல் முறையாக, எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது இறங்கிச் சுற்றிப் பார்த்தோம். ஐந்து கதவுகள் யானைக் காது மாதிரி விரிந்து தொங்கின. எதிலும் ஒரு ரிப்பன்கூட இல்லை.

"நெசமா மூடினியாடி?" என்றாள் அக்கா.

"பதினொண்ணையும் மூடினேன்க்கா! இழுத்து வேற பார்த்தேன்!"

நோட்டை நீட்டினேன். அத்தான் என் டிக்குகளை ஒவ்வொன்றாகப் படித்தார். குறட்டைக் குறிப்பையும் படித்துவிட்டு அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஏழாவது கதவை முழங்காலால் இடித்தார். அது மூடியது. யோசித்தது. திறந்துகொண்டது.

நான் அழுவதற்குத் தயாரானேன்.

"இவ மேல தப்பே இல்ல. தாழ்ப்பாள்தான் சரியில்ல. ரிப்பனக்கூடக் காத்து பிச்சுக்கிட்டுப் போயிருக்கு பாரு," என்றார் அத்தான். "வண்டிய வாடகைக்கு விட்டவன் பண்ணின தப்புக்கு நாம எதுக்குத் திரும்பணும்? கடலுக்கே போவோம்."

அக்கா என் தலையைத் தடவினாள். கடைசியாகத் தடவியது நான் ஐந்தாம் வகுப்பில் தடுக்கி விழுந்தபோது.

கொடிக்கயிற்றை வெட்டிக் கதவுகளை இழுத்துக் கட்டினோம். நான் குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது வேனின் மறுபக்கம் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு வண்டி கடந்து போனது. நேற்றிரவு முழுக்க எங்கள் பக்கத்தில் நிறுத்தியிருந்த புதுமணத் தம்பதியின் வண்டி. அதே ஆளிடம் வாடகைக்கு எடுத்தது. அதே வெள்ளை, அதே நீலக் கோடு, அதே பதினோரு பெட்டி. அவர்களும் கடலுக்குத்தான்.

வாளியையும் நாற்காலியையும் செருப்பையும் பொறுக்கிக்கொண்டு கிளம்பினோம். அத்தானுக்குத் திடீரென்று ஒரு யோசனை.

"அவங்களுக்கும் கதவு இப்படித்தான் திறந்துக்குதான்னு எட்டிப் பிடிச்சுக் கேட்டுடலாம். ரெண்டு பேராப் போய்ச் சொன்னாத்தான் அந்த ஆளு கேப்பான்."

ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். வளைவைத் தாண்டினோம். அந்த வண்டி தூரத்தில் தெரிந்தது.

"அத்தான், மெதுவாப் போலாமே," என்றேன். "கடல் எங்க ஓடிடப் போகுது?"

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

முன்னால் போன வண்டியின் பின்கதவில் இரண்டு சிவப்பு ரிப்பன்கள் படபடத்துக்கொண்டிருந்தன.