நெஞ்சில் எழுதிய வாசகம்

ஊர்ச் சங்கம் கொடுத்த புது டீ-சட்டையைப் போட்டுக்கொண்டு காளிதாஸ் நிமிர்ந்து நின்றார். 'உள்ளூர் வேலை உள்ளூர்க்காரருக்கே' என்று நெஞ்சில் கொட்டை எழுத்து.

"நம்ம செனாய்ல எந்த பேக்டரிக்குப் போனாலும் வெளிநாட்டுக்காரந்தான். அவனவன் அவனவன் ஊர்ல பொழைக்கட்டும் லா! ஞாயித்துக்கெழம ஊர்வலத்துக்கு நீயும் வா," என்றார்.

மனைவி பிரேமலா சாப்பாட்டு டப்பாவை மோட்டார் சைக்கிளில் மாட்டினாள். "ஊர்வலத்துக்கு வரேன். இப்ப வேலைக்கும் இதத்தான் போட்டுட்டுப் போறீங்களா?"

"ஏன், பயமா? நாலு பேர் படிக்கட்டுமே!"

"படிப்பாங்க. எல்லைப் பாலம் தாண்டுனா சிங்கப்பூர்ல உங்க முதலாளியும் படிப்பாரு. அங்க நீங்கதானே வெளிநாட்டுக்காரரு?"

காளிதாஸ் எல்லா மோட்டார்க்காரர்களையும் போல எதிர்க்காற்றுக்காக ஜாக்கெட்டை முன்பக்கம் பின்னாக மாட்டிக்கொண்டார். இன்று மட்டும், ஓர் எழுத்தும் தெரியாதபடி கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.