மூக்கு கொஞ்சம் பெரிது

படத்தில் அவர் செத்துப்போயிருந்தார்.

நேரில், பாயில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பழைய டோக்கியோவான எடோ நகரத்தில் அது வழக்கம்தான். கபுகி நாடக நடிகர் ஒருவர் இறந்தால், ஊதுபத்தி அணைவதற்குள் அவர் முகத்தை மரக்கட்டையில் செதுக்கி, அச்சடித்து, தெருவில் கூவி விற்றாக வேண்டும். வெளிர்நீல உடை. கையில் ஜெபமாலை. ஓரத்தில் இறந்த தேதி.

இவர் படுத்த படுக்கையானது ஊருக்கே தெரியும். பதிப்பாளர் கொஞ்சம் முந்திக்கொண்டார்.

அவர் கை நீட்டினார். கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கு கொஞ்சம் பெருசு."

தேதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் பெண் வேடம் கட்டியவர். ஓவியர்களோடு அவருக்கு இருந்த ஒரே தகராறு அந்த மூக்குதான்.

அவள் தெருவுக்கு ஓடினாள்.

"யோவ், அவரு உசுரோட இருக்காருய்யா. இன்னைக்குத் தேதி போட்டு வச்சிருக்க?"

விற்கிறவன் தலையைச் சொறிந்தான்.

"அப்படியா. ரொம்ப சந்தோஷம்மா. மாத்தச் சொல்றேன்."

சொன்ன சொல் தவறவில்லை. தேதி இருந்த இடத்தை மட்டும் கட்டையிலிருந்து நோண்டி எடுத்துவிட்டு, வேறு துண்டைச் செருகினார்கள்.

மறுநாள் காலை அதே படம். அதே மூக்கு. மறுநாள் தேதி.

மறுபடியும் போய்ச் சண்டை போட்டாள். உள்ளே அவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

"பாவம்டி. அவன் பொழப்ப ஏன் கெடுக்கிற?"

அவள் கேட்கவில்லை. தினமும் போனாள். போகப் போக, சண்டை போடுவது அவளுக்குப் பிடித்துவிட்டது. காலையில் அவன் குரல் கேட்டதும், கஞ்சியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, முந்தின நாள் போட்ட சண்டையைவிடப் பெரிதாக ஒன்றை யோசித்தபடி படியிறங்குவாள்.

அவனும் பழகிவிட்டான். அவள் தலை தெரிந்ததுமே கூவலை நிறுத்திவிடுவான்.

"இன்னைக்கும் தப்பாம்மா?"

"தப்பு."

படங்களைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவான்.

அன்றும் குரல் கேட்டது.

அடுப்பு மூட்டியிருக்கவில்லை. அவள் மெதுவாகப் படியிறங்கினாள்.

அவன் பாதிக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தான்.

"தப்புதானம்மா?"

அவள் ஒரு படத்தை உருவினாள். தேதியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அவருக்கு மூக்கு இவ்ளோ பெருசு இல்லப்பா" என்றாள்.