டயர் ஏறிய மலை

ஜீப்பில் நல்லா இருந்த டயர்களைக் கழற்றிவிட்டு, இடுப்பு உயரத்துக்குப் புது டயர் மாட்டினார்கள். பூஜை போட்டு, ஒரு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

பழம் அண்ணாந்து பார்த்தது. அப்பாடி, எவ்வளவு பெரிய உருவம்!

"அண்ணே, நீ எங்கெல்லாம் போவே?"

"மலைக்குடா. பாறை, சேறு, காட்டாறு, ஒண்ணையும் விடமாட்டேன்."

"அப்போ நான் நசுங்கினாலும் பரவாயில்ல. என் விதை ஒண்ணை மட்டும் கூட்டிட்டுப் போண்ணே. மலை உச்சியில முளைக்கட்டும்."

"கூட்டிட்டுப் போறேன்" என்றது டயர்.

ஜீப் நகர்ந்தது. பழம் நசுங்கியது. ஒரு விதை டயரின் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டது.

வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு. அவ்வளவுதான் பயணம். தினமும் அதே தார் ரோடு, அதே சிக்னல். விதை காய்ந்துகொண்டே வந்தது.

ஒருநாள் ஆபீஸ் பக்கத்தில், குழாய் பதிக்கத் தோண்டி மூடிய இடத்தில் ஒரு ஜாண் உயரத்துக்கு மண் மேடாக இருந்தது. ஜீப் அதில் ஏறியது.

"அண்ணே, மலை!" விதை கத்தியது. "யப்பா, என்னா உயரம்! இங்கேயே இறங்கிக்கறேன்."

உண்மையைச் சொல்லிவிடத்தான் டயர் வாயெடுத்தது. அதற்குள் விதை மண்ணில் குதித்துவிட்டது.

மறுநாள் காலை, அதே மேட்டில் ஏறும்போது கீழேயிருந்து குரல் கேட்டது.

"இன்னைக்குமா! எப்படிண்ணே தினமும் இவ்வளவு பெரிய மலையை ஏறுறே?"