விக்கல்

வாயை ஆவென்று பிளந்தபடி பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தபோதுதான், வெளியே காத்திருப்போர் அறையில் டிவி அலறியது.

"பங்குச் சந்தையில் ரத்தக்களரி!"

சும்மா சார் காதை வாசல் பக்கம் தீட்டிக்கொண்டார்.

குடிநீர் வாரியத்தின் புகார் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்வது அவருடைய உத்தியோகம். சும்மா சார் என்பது உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர். டீ குடிக்க யார் பக்கத்தில் வந்து நின்றாலும் பிடித்துக்கொள்வார்.

"எந்தக் கம்பெனி ஏறும்னு மண்டையை உடைச்சுக்காதீங்க. இண்டெக்ஸ் ஃபண்டுல போடுங்க. பெரிய கம்பெனி அத்தனையிலயும் கொஞ்சம் கொஞ்சம் வந்துடும். கட்டணமும் ரொம்பக் கம்மி. மாசா மாசம் போட்டுட்டு சும்மா இருங்க. அவ்வளவுதான்!"

சொல்வது சுலபம். சந்தை கொஞ்சம் சறுக்கினாலும் அவருக்குச் சோறு இறங்காது. முன்பு ஒருமுறை அப்படித்தான் அரக்கப் பரக்க எல்லாவற்றையும் விற்றுத் தொலைத்துவிட்டு, சந்தை ஏறிய பிறகு கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கினார். அந்த ஒரு நாள் கூத்தில் அவருடைய விடுதலை சில வருடம் தள்ளிப்போயிற்று.

விடுதலை என்றால் வேறொன்றுமில்லை. பணம் போதுமான அளவு வளர்ந்ததும் கவுண்டர் கண்ணாடியை இழுத்துச் சாத்திவிட்டு, யாரிடமும் ஒரு வசவு வாங்காமல் வீட்டில் காலை நீட்டி உட்கார வேண்டும். மனைவியும் அந்த நாளைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலையிலிருந்து கவுண்டரில் ஒரே கூட்டம். செல்போனைத் தொடவே நேரமில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவரை மனைவி உற்றுப் பார்த்து, "என்னங்க, கன்னம் வீங்கின மாதிரி இருக்கே?" என்றாள்.

உடனே வலிக்க ஆரம்பித்துவிட்டது. அவர் உடம்பு அப்படி. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடும்.

டிவி பார்க்கக்கூட விடாமல் அவளே கையோடு இங்கே இழுத்து வந்துவிட்டாள்.

செல்போன் சட்டைப்பையில், நெஞ்சின் மேல்தான் இருந்தது. சந்தை மூட இன்னும் நேரம் இருந்தது. இப்போதே விற்றால் மிச்சமாவது தப்பும். கையை மெல்ல நகர்த்தினார்.

டாக்டர் அந்தக் கையில் எச்சில் உறிஞ்சும் குழாயைத் திணித்தாள். "இதைப் பிடிச்சுக்கோங்க மாமா." டாக்டர் வேறு யாருமில்லை, மனைவியின் தங்கை.

மற்ற கையை நகர்த்தினார். அதில் ஒரு கிண்ணம் வந்து உட்கார்ந்தது.

"இக்கணும்," என்றார் பரிதாபமாக. "எல்லாத்தையும் இக்கணும்!"

"விக்கலா? வாயை மூடாதீங்க. தண்ணி அப்புறம் தரேன்."

"இக்கல் இல்ல... இக்கணும்!"

"அதான் சொல்றேனே, விக்கல் தானா நின்னுடும். சும்மா இருங்க மாமா!"

ஊருக்கெல்லாம் ஓதியதை இப்போது அவருக்கே ஓதினாள்.

வெளியே டிவி இன்னும் விழுகிறது, இன்னும் விழுகிறது என்று கத்தியது. உள்ளே எந்திரம் ஙீ என்று பல்லைத் தேய்த்தது. ஆயுள் முழுக்க அந்தக் கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால்தான் என்று நினைத்தபோது சும்மா சாருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வலி பொறுக்காமல் அழுகிறார் என்று நினைத்து டாக்டர் பஞ்சால் ஒற்றிவிட்டாள்.

ஒருவழியாகச் சந்தை மூடிய செய்தி வந்தது. எந்திரமும் நின்றது.

அவரை வாய் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு டாக்டர் வெளியே போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"அக்கா, போன தடவையும் இதே கூத்துதான். சொத்தையே இல்லாத பல்லை நான் எத்தனை வாட்டிதான் தேய்க்கிறது? அடுத்து சந்தை விழுந்தா கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ!"

சும்மா சார் தண்ணீரைப் படீரென்று துப்பினார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன்னை என்ன சின்னப் பிள்ளை என்று நினைத்தார்களா? எழுந்து போய் இரண்டு பேரையும் ஒரு பிடி பிடிக்கலாம் என்று ஒரு காலைக் கீழே வைத்தார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன சரிவின்போது, தான் கொஞ்சமும் கலங்காமல் இருந்ததாக ஆபீஸ் முழுக்கப் பெருமையடித்திருந்தார். அன்றைக்கும் இதே நாற்காலியில்தான் கிடந்தார்.

"சரிவு நாளையும் தொடரலாம்," என்றது டிவி.

அவர் காலைத் தூக்கி மறுபடியும் நாற்காலியில் போட்டுக்கொண்டார். வீங்காத கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, வெளியே கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"டாக்டரம்மா, இந்தப் பக்கமும் லேசா வலிக்குது. நாளைக்குக் காலையிலயே வந்துடறேன். முடிய சாயங்காலம் ஆனாலும் பரவாயில்லை."