வாலில் இரண்டு வெள்ளை

“கொஞ்ச நேரம் ஆடாம இருந்தா என்னவாம்? இன்னும் ரெண்டே ரெண்டு நரைதான்” என்று அதட்டினாள் அழகு நிலையக்காரி. கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சுழல் நாற்காலியில் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர், கண்ணாடியில் தன்னையே முறைத்துக்கொண்டிருந்தார்.

“அடிவரைக்கும் தடவு. அண்ணனுக்குக் கழுகுக் கண்ணு” என்றான் பக்கத்தில் நின்ற கணவன்.

“கல்யாணப் பொண்ணுங்களே என்கிட்ட வாயைத் திறக்க மாட்டாங்க. இதுக்கு இருக்கிற திமிரைப் பாருங்க.”

வாடிக்கையாளர் கழுத்தை நீட்டி, கண்ணாடியில் தெரிந்த எதிரியைப் பார்த்து, “கொக்கரக்கோ!” என்றார்.

கணவனின் அப்பா தன் ஆயுளையே கொடுத்து உருவாக்கிய கறுப்புக் கோழி இனம் அது. கொண்டையிலிருந்து நகம்வரை வேறு நிறம் இருக்கக் கூடாது. ஒரு வெள்ளை இறகு எட்டிப் பார்த்தாலும் அந்தக் கோழிக்கு மறுநாள் அடுப்புதான். பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் அவ்வளவு கவனித்துப் பார்த்ததில்லை.

அப்பா போன பிறகு கூண்டு அண்ணனிடம் வந்தது. “எல்லா உசுரும் ஒரே இடத்துல இருக்கக் கூடாதுடா. எனக்கு ஏதாவது ஆனாலும் உன்கிட்ட இருக்கணும்” என்று சொல்லித் தம்பியிடம் ஒரு ஜோடியைக் கொடுத்தார்.

அந்த ஜோடி முதல் மழையிலேயே சீக்கு வந்து செத்துப்போனது. அண்ணனிடம் சொல்லத் தைரியம் வருவதற்குள், தம்பிக்குச் சந்தைக்குப் போகும் வழி தெரிந்துவிட்டது. வாங்கி வந்த ஜோடி அச்சு அசல் அப்பாவின் கோழிதான், சேவலின் வாலில் இருந்த இரண்டு வெள்ளை இறகுகளைத் தவிர. அண்ணன் கேட்கும்போதெல்லாம் அந்த இடத்தைக் கையால் மறைத்துப் படம் எடுத்து அனுப்பினான். கோழியைக் கொஞ்சுவதாக நினைத்து அண்ணனும் பூரித்துப்போவார்.

இன்று காலை அவரிடமிருந்து போன். “ஜோடியைத் தயாரா வை. வந்து எடுத்துக்கிட்டுப் போறேன்.” அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

“அவர்கிட்டதான் கூண்டு நிறைய இருக்கே, நம்ம ஜோடி எதுக்காம்?” என்று கேட்டாள் மனைவி.

“அதான் தெரியலை.”

“உண்மையைச் சொல்லிடுங்களேன். ரெண்டு அடி போட்டாலும் அண்ணன்தானே?”

“அடிச்சா வாங்கிக்குவேன். அழுதுட்டா என்ன பண்றது?”

அவள் சாயக் கிண்ணத்தை மூடினாள். சேவலின் வாலுக்கு மின்விசிறியை வைத்தாள்.

அண்ணன் வந்தார். எப்போதும் மனிதர்களை விசாரிக்கும் முன் கோழியின் கொண்டையை விசாரிப்பவர், இன்று சுழல் நாற்காலியில் சாய்ந்து தண்ணீர் கேட்டார். ராத்திரி தூங்காத முகம். மடியில் வைத்த சேவலைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

“நாளைக்குக் கால்நடை டாக்டர் வர்றாருடா. அப்பாவோட கோழியைத் தனி இனம்னு பதிவு பண்ணப் போறாங்களாம். அப்பா பேரையே வைக்கிறாங்க.”

“நல்ல விஷயம்தானே மாமா? அதுக்கு ஏன் இப்படி வாடிப்போயிருக்கீங்க?” என்றாள் தம்பி மனைவி.

“இறகு, கொண்டை எல்லாம் பாக்க மாட்டாங்களாம்மா. ரத்தம் எடுத்துப் பாப்பாங்களாம். கலப்படம்னா அப்பட்டமா தெரிஞ்சிடுமாம்.”

தம்பி சேவலின் வாலைப் பார்த்தான். ரத்தத்துக்குச் சாயம் பூச எந்த அழகு நிலையத்திலும் வழியில்லை. மனைவியின் முழங்கை விலாவில் இடித்தது.

“அண்ணே, இதை எடுத்துட்டுப் போகாதீங்க.”

“ஏன்டா?”

“அப்பா பேர் கெட்டுடும். நீங்க குடுத்தது முதல் மழையிலேயே செத்துப்போச்சுண்ணே. இது சந்தையில வாங்கினது. டை அடிச்சு வச்சிருக்கேன்.”

அண்ணன் கத்தவில்லை. மெதுவாக உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கறுப்பாக இருந்தது.

“ரெண்டுமேவா செத்துச்சு?”

“ரெண்டும்.”

“குஞ்சு, முட்டை… ஏதாவது?”

“ஒண்ணும் மிஞ்சலைண்ணே. என்னைச் செருப்பால அடிங்க. ஆனா உங்க கூண்டுல இருக்கிறதை டாக்டருக்குக் காட்டுங்க. அப்பா பேர் நிக்கட்டும்.”

சேவல் மடியிலிருந்து குதித்து ஓடியது. யாரும் அதைப் பிடிக்கவில்லை. அடிக்குத் தயாராகத் தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அடி விழவில்லை, நாற்காலி கிரீச்சிடும் சத்தம்தான் கேட்டது. கண்ணைத் திறந்தால், அண்ணன் அந்தக் கறுப்புக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

“உன்கிட்ட அசல் இருக்குங்கிற தைரியத்துலதானேடா, நான் இத்தனை வருஷமா டை அடிச்சுக்கிட்டிருந்தேன்!”